கடன்கள் எல்லாம் ஒரே தாளில்

மாதக் கடைசியில் கையில் காசில்லை என்ற புலம்பல் ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில்தான் கேட்கும் என்பதில்லை. ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டங்களிலும் மலாக்கா நகரைச் சுற்றியுள்ள வீடமைப்புப் பகுதிகளிலும், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களிலும் அது கேட்கிறது. சம்பளம் உயர்ந்தும் கடன் குறையாததற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. வீட்டுச் செலவு ஒரு கணக்காகவும் கடன் வேறொரு கணக்காகவும் ஓடுகின்றன. பல வீடுகளில் கடன் கணக்கு ஒருவருடைய மனத்துக்குள் மட்டுமே இருக்கிறது.

கடனோடு தொடங்கிய தோட்ட வாழ்க்கை

மலாயாவில் வாணிப நோக்கில் ரப்பர் முதன்முதலாக நடப்பட்டது மலாக்காவில்தான். 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். பின்னர் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு ஆள் சேர்க்கத் தமிழகத்துக்குச் சென்ற கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்து வந்தார்கள். பால்மரத்தைத் தொடும் முன்பே தொழிலாளி கடனாளியாகிவிட்டார்.

அடுத்து வந்தது கடைப்பற்று. அரிசியும் பருப்பும் பற்றில் வாங்கி, சம்பள நாளில் தீர்ப்பது வழக்கமாயிற்று. '555' என்ற சிறிய நோட்டுப் புத்தகம் இந்நாட்டில் கடனுக்கே மறுபெயராகிவிட்டது. அந்தப் புத்தகத்தில் கடன் கொடுத்தவர் எழுதினார், வாங்கியவர் கேட்டுக்கொண்டார்.

அதே தோட்டச் சம்பளத்தில் சேமிக்கவும் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் வேலையும் வீடும் இழந்த காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் மாதம் 10 வெள்ளி செலுத்திப் பங்குதாரர் ஆனார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அந்தப் பணத்தில் வாங்கப்பட்டது. தொகை சிறியதுதான். ஆனால் மாதம் தவறாமல் ஒரே குறிக்கோளுக்குப் போயிற்று. கடன் அடைப்பதற்கும் இதுவே வழி.

மீதம் எவ்வளவு?

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. சேமநிதிக்கு 11 விழுக்காடும் சொக்சோவும் போனால் கையில் ஏறக்குறைய 1,500 கிடைக்கும். இருவர் வேலை செய்யும் வீட்டுக்கு 3,000 என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுத் தவணை 550, சமையல் சாமான் 850, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி 220, பள்ளிப் பேருந்தும் பிள்ளைகளின் கைச்செலவும் 230, பெட்ரோல் 200, பெற்றோருக்கு 100, கோயில், கல்யாண மொய் 100. மொத்தம் 2,250 வெள்ளி. மீதம் 750. இதில் மோட்டார் தவணை 220, வங்கிக் கடன் 300, கடன்பற்று அட்டைக்கு 200 என்று 720 போய்விடும். கையில் நிற்பது 30 வெள்ளி.

இந்த 30 வெள்ளியில்தான் ஆபத்து இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், மோட்டாருக்கு டயர் என்று ஏதாவது வந்தால் அடுத்த கடன் வந்துவிடும். அதனால் கடனை வேகமாக அடைக்கும் முன், 500 வெள்ளியாவது தனியே ஒதுக்க வேண்டும். வாரம் 10 வெள்ளிக்கு நம்பர் எடுப்பது நின்றால் மாதம் 40 வெள்ளி மிஞ்சும். தொலைபேசித் திட்டத்தைக் குறைத்து, வெளிச் சாப்பாட்டையும் சுருக்கினால் 100 வெள்ளியைத் தொட்டுவிடலாம்.

கணக்கு போடும்போது அடிப்படைச் சம்பளத்தையே வரவாக எழுத வேண்டும். மழைக்காலத்தில் பால்மரம் வெட்டும் நாள்கள் குறையும். தொழிற்சாலையில் ஓவர்டைம் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. கூடுதலாக வருவதைக் கடனுக்கும் சேமிப்புக்கும் மட்டும் விட வேண்டும். தீபாவளிக்கு 1,200 வெள்ளி ஆகும் என்றால் அது மாதம் 100 வெள்ளிச் செலவு. அதையும் எழுதாத கணக்கு முழுக் கணக்கல்ல.

எதை முதலில் அடைப்பது?

ஒரே தாளில் ஒவ்வொரு கடனுக்கும் நான்கு விவரங்கள் வேண்டும்: யாருக்கு, பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு. வீடும் வாகனமும் பறிபோகாமல் காக்கும் தவணைகளை முதலில் கட்ட வேண்டும். அதன்பின் மிஞ்சும் ஒவ்வொரு வெள்ளியும் வட்டி மிக அதிகமான கடனுக்குப் போக வேண்டும்.

கடன்பற்று அட்டைக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காடு வரை உண்டு. பாக்கி 4,000 என்றால் முதல் மாத வட்டி 60 வெள்ளி. குறைந்தபட்சத் தொகையான 5 விழுக்காட்டை, குறைந்தது 50 வெள்ளி என்ற கணக்கில் மட்டும் கட்டிவந்தால், கடன் தீர ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். வட்டியாக மட்டும் 1,400 வெள்ளிக்கு மேல் போகும். முதல் மாதம் கட்டிய 200 வெள்ளியைக் குறைக்காமல் கட்டினால் 24 மாதத்தில் தீரும், 300 கட்டினால் 15 மாதம் போதும். இது அட்டையில் மேற்கொண்டு வாங்காமல் இருந்தால்தான் பொருந்தும்.

மோட்டார் தவணை தவறினால் உடனே வாகனம் போய்விடும் என்று அஞ்சிச் சிலர் வட்டிக்கு ஓடுகிறார்கள். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறிய பிறகே, அதுவும் 21 நாள் அறிவிப்புக் கொடுத்த பிறகே இழுக்க முடியும். விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவும் தேவை. அந்த இடைவெளியில் நிறுவனத்தை அணுகிப் பேச வேண்டும்.

தாளில் ஏறாத கடன்

குடும்பத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தாளில் எழுதப்படாத கடன்தான். கணவர் ஆலோங்கிடம் வாங்கியது மனைவிக்குத் தெரியாது. மனைவி நகையை அடகு வைத்தது கணவருக்குத் தெரியாது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று வாங்கப்படுகிறது. வாசலில் ஆள் வந்து நிற்கும்போதுதான் உண்மை வெளிவருகிறது.

1951ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டப்படி, உரிமம் பெற்றவர் அடமானம் உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12, அடமானம் இல்லாததற்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. ஆலோங் கேட்கும் வட்டி மாதத்துக்கு 10 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 120. உரிமம் இல்லாதவர் கொடுத்த கடன் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. மிரட்டல் வந்தால் போலீசில் புகார் செய்ய வேண்டும். வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது.

கூட்டு எடுத்துக் கடனை அடைக்கலாம் என்பதும் சரியான வழியல்ல. கூட்டுத் தொழில் நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. நடத்துபவர் ஓடிவிட்டால் போட்ட பணத்தை மீட்பது கடினம்.

வங்கிக் கடன் கைமீறிப் போனவர்களுக்காக 2006ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தை அமைத்தது. ஆலோசனை இலவசம். வங்கிகளுடன் பேசித் தவணையைத் திருத்தியும் தருவார்கள். ஆனால் ஆலோங் கடன் அதில் சேராது. செலவு போகக் கொஞ்சமாவது மீதம் இருப்பவருக்கே அந்தத் திட்டம் பொருந்தும். ஆகவே அங்கே போனாலும் முதல் கேள்வி குடும்பக் கணக்குதான்.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு கெடுவும் இருக்கிறது. வேலை இருக்கும்வரைதான் தோட்ட வீடு. 60 வயதில் ஓய்வுபெறும்போது வீட்டைக் காலி செய்ய வேண்டிவரும். அன்று சேமநிதிப் பணம் பழைய கடனுக்குப் போனால் கூரைக்கு எதுவும் மிஞ்சாது. எனவே அந்தத் தாளின் அடியில் ஒவ்வொரு கடனும் தீரும் மாதத்தையும் ஆண்டையும் எழுதி, ஓய்வுபெறும் ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடன் தீரும் ஆண்டு பின்னால் விழுந்தால், தவணையைக் கூட்டும் வழியைக் கணவனும் மனைவியும் இந்த மாதமே உட்கார்ந்து பேசியாக வேண்டும்.