பனிமலை ஏன் சரிகிறது?

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்நிலை மீது பனிக்கட்டிச் சுவர் இடிந்து விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறாம் நாள், சுமார் 25 அடி ஆழத்தில், கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு கிடைத்தார். அவரும் பிப்ரவரி 11 அன்று டெல்லியில் இறந்துபோனார்.

அங்கே இடிந்தது உறைந்து இறுகிய பனிக்கட்டி. மலையேறுபவர்களை அதிகம் பலிவாங்குவது இன்னொரு வகை: பனிப்படுகையின் மேலடுக்கு பலகையாகக் கழன்று வரும் சரிவு.

சென்னையை ஒட்டிய முடிச்சூர் பக்கம் வீடு கட்டும் தெருவில் லாரி கொட்டிய ஜல்லியைப் பாருங்கள். எவ்வளவு கொட்டினாலும் குவியல் ஓரளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது. அதிகப்படியான கல் அப்போதே உருண்டு கீழே வந்துவிடும். பனி அப்படி உடனுக்குடன் கணக்குத் தீர்ப்பதில்லை. துகள்கள் ஒட்டிக்கொள்வதால் 30 முதல் 45 டிகிரிச் சரிவில்கூட வாரக்கணக்கில் தங்கிவிடும்.

வினை அடியில் வளர்கிறது. தரையை ஒட்டிய பனி பூஜ்ய டிகிரியை ஒட்டியே இருக்கும். மேற்பரப்போ இரவில் மைனஸ் 15, 20 வரை போகும். இந்த வித்தியாசம் மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினால், கீழிருந்து நீராவி மேலேறி வழியிலேயே மறுபடி உறைகிறது. பொடிப்பனி பெரிய, பட்டை பட்டையான மணிகளாக மாறுகிறது. இந்த மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்லை. அவற்றின்மேல் காற்று அள்ளிக் கொட்டும் பனி இறுகிப் பலகையாகிறது. ஒருவர் கால் வைத்தால் போதும், அடியடுக்கு நொறுங்கி விரிசல் ஓடும். பலகை மொத்தமாகக் கழன்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பாயும். புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். அரைமணி தாண்டினால் மூச்சுத்திணறலே பலரின் உயிரை எடுத்துவிடும்.

பூமி சூடாகிறது, பனி குறையும், ஆபத்தும் குறையும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பனி மெலிந்தால் அதே வெப்ப வித்தியாசம் குறைந்த ஆழத்துக்குள் அடங்கிவிடுகிறது. பலவீன அடுக்கு இன்னும் எளிதாக வளரும். குளிர்காலக் கடைசியில் வெயிலும் மழையும் சேர்ந்தால் உள்ளே இறங்கும் நீர் பிடிமானத்தைக் கரைக்கிறது. இமாச்சலத்தில் சரிவுகள் மரங்களில் விட்ட தழும்புகளை மரத்தின் ஆண்டு வளையங்களோடு ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வு, வெப்பம் கூடக்கூட அங்கே பனிச்சரிவுகளும் கூடியதைக் காட்டியது. ஆபத்து இன்னும் ஓயவில்லை: 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணாவில் சாலைப் பணியாளர்கள் 54 பேர் சரிவில் சிக்கினார்கள். 8 பேர் இறந்தார்கள்.

பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வுக்குச் சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. ஆய்வகம் இமயமலை மாவட்டங்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. தாம்பரத்திலிருந்து மணாலிக்கு டிக்கெட் போடுகிறவர்கள் ஸ்வெட்டரோடு அதையும் கவனிக்க வேண்டும். பெரும் பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் வானம் பளிச்சென்று இருக்கும். செல்ஃபிக்கு அருமையான நாள். சரிவின் அடிவாரத்துக்குப் போகக்கூடாத நாளும் அதுதான்.