காட்டுயிர் ஒளிப்படச் சிறுதொழிலும் நாட்டுப்புற நெறிகளும்

காட்டுயிர் ஒளிப்படச் சிறுதொழில் என்பது பறவைகள், பாலூட்டிகள், ஊர்வன, பூச்சிகள் போன்றவற்றை அவற்றின் இயல்பான வாழிடத்தில் படமெடுத்து, அப்படங்களின் மூலம் ஓரளவு வருவாய் ஈட்டும் முயற்சியாகும். இதில் ஈடுபடுவோர் பெரும்பாலும் வேறு வேலையில் இருந்துகொண்டு விடுமுறை நாள்களில் படமெடுப்பவர்கள். தமிழ்நாட்டில் இவர்கள் எடுக்கும் படங்களில் பெரும்பகுதி புலிகள் காப்பகங்களில் எடுக்கப்படுவதில்லை. ஏரி, கண்மாய், வயல்வெளி, உப்பளம், புல்வெளி, ஊர்ப்புறத் தோப்பு ஆகியவையே இவர்களின் களங்கள். அந்நிலங்களில் உயிரினங்களோடு உழவர்களும் மேய்ச்சல்காரர்களும் மீனவர்களும் வாழ்கின்றனர்.

பொழுதுபோக்காக இருக்கும்வரை படம் கிடைக்காமல் திரும்புவது ஏமாற்றம் மட்டுமே. பணம் சேரும்போது அது இழப்பாகவும் மாறுகிறது. இன்னும் சற்று நெருங்கினால் படம் விற்கும் என்ற எண்ணமே இத்தொழிலின் முதன்மையான இடர். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் களத்துக்குச் செல்லும் முன்பே முடிவு செய்துகொள்வது இத்தொழிலின் அடிப்படை ஒழுங்காகும்.

வரலாறு

இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892ஆம் ஆண்டு முட்டைகளுடன் கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படமெடுத்தனர். பறவைகள் தங்களைக் கண்டு கலையாதிருக்க, பதப்படுத்திய மாட்டுத் தோலால் செய்த பொய்மாட்டுக்குள் ஒளிந்துகொண்டும் அவர்கள் படமெடுத்தனர். இந்தியாவில் வனத்துறை அலுவலராகப் பணியாற்றிய எஃப். டபிள்யூ. சாம்பியன், விலங்கு கடக்கும்போது தானே இயங்கும் கேமராவைப் பாதையில் பொருத்திப் புலிகளை இரவில் படமெடுத்தார். அவரது நூல் 1927இல் வெளிவந்தது. வேட்டை பெருமையாகக் கருதப்பட்ட காலத்தில், துப்பாக்கிக்கு மாற்றாகக் கேமராவை முன்வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

தமிழகத்தில் இத்துறையின் முன்னோடி மா. கிருஷ்ணன் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான இவர், சண்டூர் சமஸ்தானப் பணியை விட்டபின் சென்னையில் தங்கி, எழுத்தையும் ஒளிப்படத்தையும் கொண்டு தனித்து வாழ்க்கை நடத்தினார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதினார். கருப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்கள் புகழ்பெற்றவை. அவர் எழுத்தும் படமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. உயிரினத்தின் நடத்தையை அறிந்தவரே நல்ல படம் எடுக்க முடியும் என்பதற்கு அவர் பணி சான்று.

வருவாய் வழிகள்

சிறிய அளவில் தொழில் செய்வோருக்குப் பொதுவாக ஐந்து வழிகள் உள்ளன. சட்டமிட்ட அச்சுப்படங்கள், நாள்காட்டிகள், வாழ்த்து அட்டைகளை விற்றல். இதழ்கள், பாடநூல்கள், அறிவிப்புப் பலகைகளுக்குப் படங்களின் பயன்பாட்டு உரிமையை அளித்தல். இணையப் படக்களஞ்சியங்களில் பதிவேற்றுதல். பள்ளி, கல்லூரிகளில் உரை நிகழ்த்துதல். பறவை நோக்கும் நடைகளையும் ஒளிப்படப் பயிற்சிகளையும் நடத்துதல்.

அச்சுக்குப் படத்தின் அளவு முக்கியம். அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் ஏ3 தாளில் அச்சிட ஏறக்குறைய 3508 × 4961 படப்புள்ளிகள் தேவை. 24 மெகாபிக்சல் கேமராவில் முழுப் படமும் 6000 × 4000 புள்ளிகள் கொண்டிருக்கும். தொலைவில் உள்ள பறவையை மட்டும் வெட்டியெடுத்தால் இந்த அளவு விரைவில் குறைந்துவிடும். இதனாலேயே பலர் பறவையை நோக்கி நெருங்கிச் செல்கின்றனர். பறவை சிறியதாகவும் அதன் வாழிடம் பெரியதாகவும் தெரியும் படங்களைப் பழகிக்கொள்வது இதற்கு நல்ல மாற்று. நீர் நிறைந்த கண்மாயில் கருவேல மரங்கள் மீது கூடும் நாரைக் கூட்டத்தை முழுமையாகக் காட்டும் படம், முகத்தை மட்டும் காட்டும் படத்தைவிட நாள்காட்டிக்கும் பாடநூலுக்கும் பொருந்தும்.

செலவுக் கணக்கில் பயணம், அச்சு, பழுதுபார்ப்பு, காப்பீடு ஆகியவற்றுடன் கருவியின் தேய்மானத்தையும் சேர்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு லட்சம் ரூபாய் லென்ஸை ஐந்தாண்டு பயன்படுத்தினால் ஆண்டுக்கு 20,000 ரூபாய் அதன் செலவாகும். வருவாயை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் சேவைகளின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு கட்டாயம். அரசுப் பணியில் இருப்போர் தங்கள் பணி நடத்தை விதிகளைப் பார்த்து, தேவையான அனுமதியைப் பெற்ற பிறகே இதில் இறங்க வேண்டும்.

பதிப்புரிமை

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாகப் படத்தை எடுத்தவரே அதன் முதல் உரிமையாளர். பதிவு செய்தால்தான் உரிமை உண்டு என்பதில்லை. ஒளிப்படத்துக்கான உரிமை, அது வெளியிடப்பட்ட ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன்பேரில் எடுக்கப்பட்ட படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே செல்லும். எனவே விடுதிகளுக்கும் நிறுவனங்களுக்கும் படமெடுக்கும் முன் எழுத்து ஒப்பந்தம் அவசியம். எந்தப் பயன்பாட்டுக்கு, எவ்வளவு காலத்துக்கு, எந்தப் பகுதிக்கு என்பவை அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் கொள்கிறது.

காட்டுயிர்ச் சட்டம்

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்கு விரிவான பொருள் தருகிறது. கொல்வதும் பிடிப்பதும் மட்டும் வேட்டையல்ல. விலங்கைத் துரத்துவதும், இரை வைத்து ஈர்ப்பதும், பறவைகள் அல்லது ஊர்வனவற்றின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதும் அதில் அடங்கும். ஆகவே கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துப் படமெடுப்பவர் சட்டத்தின் பார்வையில் வேட்டையாடியவராகக் கருதப்படக்கூடும்.

சரணாலயங்களில் ஒளிப்படம் எடுப்பது, தலைமைக் காட்டுயிர்க் காப்பாளர் அனுமதி அளிக்கக்கூடிய செயல்களில் ஒன்று. 2022ஆம் ஆண்டுத் திருத்தம், வாழிடத்தை மாற்றாமலும் காட்டுயிர்களுக்குத் தீங்கு விளைவிக்காமலும் எடுக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையை இதனுடன் சேர்த்தது. காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைவது தனிக் குற்றம். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடக் கூடாது. இங்கிலாந்திலும் இதையொத்த ஏற்பாடு உண்டு. அங்கே 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையிலுள்ள மீன்கொத்தி, கூகை போன்றவற்றைக் கூட்டருகே உரிமம் இன்றித் தொந்தரவு செய்வது குற்றமாகும்.

நெருக்கம் விளைவிக்கும் தீங்கு

ஒளிப்படக்காரர் எதையும் தொடாமலே தீங்கு நேரலாம். சிவப்பு மூக்கு ஆள்காட்டி வெட்டவெளித் தரையில், கற்களோடு கலந்து தெரியும்படி முட்டையிடும். பொதுவாக நான்கு முட்டைகள் இருக்கும். கோடை வெயிலில் தாய்ப்பறவை முட்டைகளுக்கு நிழல் தந்தும், வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்தும் சூட்டைத் தணிக்கும். அருகில் ஒருவர் நின்றால் பறவை எழுந்து கத்தியபடி சுற்றுமே தவிர, முட்டைகளிடம் திரும்பாது. அந்த நேரத்தில் முட்டைகள் சூடேறும். பறவையின் பரபரப்பைக் கவனிக்கும் காகமும் கூட்டைக் கண்டுகொள்ளும். படமெடுத்தவர் போன பிறகே இழப்பு நேர்வதால், அது அவர் கண்ணில் படுவதே இல்லை.

ஆறுமணிக்குருவி குளிர்காலத்தில் நெடுந்தொலைவு பறந்து தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வருகிறது. காலையிலும் மாலையிலும் குரல் கொடுப்பதால் இப்பெயர் பெற்றது. புதர்களுக்குள் மறைந்து திரியும் இதை வெளியே வரவழைக்க, பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போடுவோர் உள்ளனர். தன் இரைப்பகுதிக்குள் போட்டியாளர் நுழைந்துவிட்டதாக எண்ணிப் பறவை வெளியே வரும். நெடும்பயணத்தால் களைத்த பறவை, இரை தேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியிடம் செலவிடுகிறது. அடுத்தடுத்து வரும் ஒவ்வொருவரும் இதையே செய்தால் பாதிப்பு பல மடங்காகும்.

தேவாங்கு இரவில் இரை தேடும் உயிரினம். அதன் பெரிய கண்கள் மங்கிய ஒளிக்கே ஏற்றவை. மிளிர்விளக்கையும் வலுவான கைவிளக்கையும் அதன் முகத்தில் அடிப்பது அதைத் திகைக்க வைக்கும். தமிழ்நாடு அரசு 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது.

உயிரினம் தின்பதை நிறுத்தினாலோ, தலையைத் தூக்கி நம்மையே பார்த்தாலோ, எச்சரிக்கைக் குரல் கொடுத்தாலோ நாம் ஏற்கெனவே மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள். அப்போது வந்த வழியே மெல்லப் பின்வாங்க வேண்டும்.

நாட்டுப்புற நெறிகள்

வேடந்தாங்கல் மக்கள் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பது அவர்கள் அனுபவ அறிவு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ், 1798 அளவில் இப்பாதுகாப்புக்கு எழுத்துவழி ஏற்பு அளித்தார். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியிலும் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்திலும் பறவைகள் கலையக் கூடாது என்பதற்காக மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. ஒளிப்படக்காரர் விற்கும் படத்துக்குப் பின்னால் இந்த விட்டுக்கொடுத்தல் இருக்கிறது. எனவே ஊராரிடம் கேட்டு நடப்பது அவர்களுக்குச் செய்யும் சலுகையன்று, அவர்களுக்குரிய மரியாதை.

நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்ட பிறகே தோப்பிலும் வயலிலும் நுழைய வேண்டும். நடவு வயலில் இறங்காமல் வரப்பில் நடக்க வேண்டும். நனைந்த வரப்பு சரியும் என்றால் அதையும் தவிர்க்க வேண்டும். திறந்த படலை மூடிவிட்டுப் போக வேண்டும். இல்லையெனில் ஆடு மாடு பயிரில் இறங்கிவிடும். வண்டியைக் களத்துமேட்டுப் பாதையிலோ கரையிலோ குறுக்கே நிறுத்தக் கூடாது. கேமராவைக் கண்ணில் வைத்தபடி நடப்பவருக்குக் கைப்பிடிச் சுவரில்லாத கிணறும் மின்வேலியும் உண்மையான ஆபத்துகள். மனிதர்களைப் படமெடுக்கும் முன் அவர்கள் ஒப்புதல் பெற வேண்டும்.

வழிகாட்டும் உள்ளூர்வாசிக்கு உரிய கூலி தருவதும், ஊர்ப் பள்ளிக்கு ஓர் அச்சுப்படத்தைக் கொடுப்பதும் தொழில் செலவின் பகுதியாகக் கருதத்தக்கவை.

நம்பகத்தன்மை

இத்தொழிலில் பெயர் கெட்டால் மீட்பது கடினம். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு இணைந்து நடத்தப்படும் ஆண்டுப் போட்டியில், 2009இல் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், பழக்கப்பட்ட விலங்கைக் கொண்டு எடுத்ததாக நடுவர்கள் கருதியதால் 2010இல் நீக்கப்பட்டது. 2017இல் ஒரு பிரிவில் பரிசு பெற்ற எறும்புண்ணிப் படம், பாடம் செய்த உடலைக் கொண்டது என்ற முடிவுடன் 2018இல் நீக்கப்பட்டது. படத்தின் விளக்கத்தில் எங்கே, எப்படி எடுக்கப்பட்டது என்பதை உள்ளபடி எழுதுவதே பாதுகாப்பு. வளர்ப்பு விலங்கானால் அதையும் சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அரிய உயிரினத்தின் இருப்பிடத்தைத் துல்லியமாக வெளியிடக் கூடாது. கள்ள வேட்டைக்காரருக்கும் கூட்டமாக வரும் படக்காரர்களுக்கும் அது வழிகாட்டியாகும். ஈபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட் ஆகிய தளங்களே ஆபத்திலுள்ள சில இனங்களின் இடத்தை மறைக்கின்றன. படக்கோப்பில் தானாகப் பதியும் இடக்குறிப்பையும் நீக்கிவிட்டு வெளியிட வேண்டும்.

பயிற்சி நடத்துவோர் குறிப்பிட்ட உயிரினத்தைக் காட்டுவதாக உறுதியளிக்கக் கூடாது. அவ்வாறு உறுதியளித்தவர் பணம் கட்டியவர்களின் எதிர்பார்ப்பை நிறைவேற்ற, குரல் ஒலிக்கவும் இரை வைக்கவும் தள்ளப்படுவார். காட்டுவதற்குப் பதிலாகக் கவனிக்கக் கற்றுத் தருவதாகச் சொன்னால் அந்த நெருக்கடி எழாது.

தொடங்குவோருக்கு

புதிதாகத் தொடங்குவோர் தொலைதூரக் காட்டுக்குச் செல்வதைவிடத் தம் ஊர் நீர்நிலை ஒன்றைத் தேர்ந்து, ஓராண்டு முழுவதும் வாரம் ஒருமுறை சென்று குறிப்பெழுதுவது பயன் தரும். எந்தப் பறவை எப்போது வருகிறது, எங்கே அமர்கிறது, எந்தத் தொலைவில் அஞ்சுகிறது என்பன தெரிந்தால் நெருங்கிப் போக வேண்டிய தேவை குறையும். அசையாமல் அமர்ந்திருப்பவரின் அருகில் பறவைகள் தாமாகவே வந்து இரை தேடுவதுண்டு. அடுத்த ஆண்டும் அதே கண்மாயில் அதே பறவைகள் வந்து, ஊராரும் வரவேற்றால், தொழில் சரியான வழியில் செல்கிறது எனலாம்.