பள்ளி விட்ட பின் பிள்ளைகளின் விளையாட்டு

பால்மரம் வெட்டும் தாய்க்கு விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். வெட்டு முடிந்து, பால் எடுத்து, கொட்டகையில் நிறுத்து, வாளியைக் கழுவி வீடு திரும்பும்போது உச்சிப்பொழுது கடந்துவிடுகின்றது. அதன் பிறகும் சில நாட்களில் வேறு வேலை காத்திருக்கும். கைக்குழந்தைக்கு ஆயாக் கொட்டகை உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி உண்டு. ஆனால், பள்ளி மணி அடித்த பின்னர் அப்பிள்ளை யாருடைய பொறுப்பு?

இக்கேள்விக்குச் சட்டம் முழு விடை தருவதில்லை. மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம், 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கட்டணம் பெற்றுப் பராமரிக்கும் இடங்களைப் பற்றியது. பள்ளி வயதுப் பிள்ளை அதன் வரம்புக்கு அப்பால் நிற்கின்றான். எனவே அவன் தம்பி தங்கையைச் சுமந்துகொண்டோ, ஆற்றோரமாகவோ, லயத்துக்குப் பின்னாலோ பொழுதைக் கழிக்கின்றான். இப்பொழுதைப் பயனுள்ளதாகவும் ஆபத்தற்றதாகவும் ஆக்குவது எப்படி என்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பிரிவினர் மேலை நாடுகளில் உருவாகியிருக்கின்றனர். விளையாட்டுப் பணியாளர் என்று அவர்களை நாம் அழைக்கலாம். அவர்கள் ஆசிரியரும் அல்லர், காவலரும் அல்லர்.

இத்தொழிலின் தொடக்கத்தை டென்மார்க்கில் காணலாம். கார்ல் தியோடர் சோரன்சன் என்பவர் பூங்காக்களை அமைக்கும் கலைஞர். தாம் அழகுற அமைத்துக் கொடுத்த விளையாட்டுத் திடல்களை விட்டுவிட்டு, வீடு கட்டும் இடங்களில் கிடக்கும் பலகைகளையும் செங்கற்களையும் தேடிப் பிள்ளைகள் ஓடுவதை அவர் கவனித்தார். பழைய பொருட்களைக் கொண்ட திடல் ஒன்றை அமைக்கலாம் என்று 1931ஆம் ஆண்டிலேயே எழுதினார். நாடு செருமானியரின் பிடியிலிருந்த 1943ஆம் ஆண்டில், கோப்பன்ஹேகன் நகரின் எம்ட்ரூப் பகுதியில் அத்திடல் உருவாயிற்று. தாம் உருவாக்கியவற்றுள் அதுவே மிக அழகற்றது எனினும், தமக்கு அதுவே மிகச் சிறந்தது என்று அவர் பிற்காலத்தில் கருதினார்.

அத்திடலின் முதல் பொறுப்பாளர் யோன் பெர்டெல்சன். முன்பு கப்பலில் பணியாற்றியவர், பின்னர் சிறுவர் கல்விப் பயிற்சி பெற்றவர். அவர் பிள்ளைகளுக்கு ஆட்டங்களைக் கற்றுக்கொடுக்கவில்லை. என்ன செய்யலாம் என்னும் எண்ணம் பிள்ளைகளிடமிருந்தே பிறக்க வேண்டும், பெரியவர் கருவிகளையும் பொருட்களையும் தந்து, கேட்டால் உதவ வேண்டும் என்பது அவர் கொள்கை. அன்றாடம் நடந்தவற்றை அவர் குறித்தும் வைத்தார். பிற நாட்டார் அத்திடலைப் பின்பற்ற முடிந்ததற்கு அக்குறிப்புகளும் ஒரு காரணம் எனலாம். நல்ல பணியாளர் பலர் எழுதாமலே போய்விடுகின்றனர். அவர்களுடைய அறிவும் அவர்களுடனேயே போய்விடுகின்றது.

1946ஆம் ஆண்டில் அங்குச் சென்று பார்த்த ஆலன் சீமாட்டி, தாயகமான இங்கிலாந்துக்குத் திரும்பியதும் 'பிக்சர் போஸ்ட்' இதழில் அது பற்றி எழுதினார். குண்டு வீச்சால் இடிந்த வீட்டுமனைகள் அப்பொழுது லண்டனில் நிறைந்திருந்தன. 1948ஆம் ஆண்டில் கேம்பர்வெல் பகுதியில் இத்தகைய திடல் ஒன்று தோன்றியது. பின்னர், தாய்மார் வேலைக்குச் செல்வது பெருகப் பெருக, பள்ளி விட்ட பின் பிள்ளைகளைக் கவனிக்கும் மன்றங்களும் அந்நாட்டில் பெருகின. விளையாட்டுப் பணியாளர் மாநாடுகளில் கூடித் தத்தம் அனுபவங்களைப் பரிமாறிக்கொண்டனர். 2005ஆம் ஆண்டில் தங்கள் தொழிலுக்கென எட்டுக் கோட்பாடுகளை வகுத்துக்கொண்டனர். விளையாட்டின் பொருளையும் முறையையும் பிள்ளையே தீர்மானிக்கின்றது என்பது அவற்றின் அடிப்படை.

இதனைக் கேட்கும் பெற்றோர், "அப்படியானால் பெரியவருக்கு என்ன வேலை?" என்று வினவக்கூடும். வேலை உண்டு, அது எளிதன்று. இரு சிறுவர் ஒரு பலகைக்காகச் சண்டையிடுகின்றனர் என்று கொள்வோம். நமது வழக்கம் உடனே ஓடிச்சென்று பலகையைப் பிடுங்குவது. அனுபவமுள்ள பணியாளர் அருகில் வந்து நிற்பார்; ஆனால் பேசமாட்டார். பெரும்பாலும் அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவர். கை ஓங்கப்பட்டாலோ, ஒருவன் அஞ்சி ஒதுங்கினாலோ மட்டும் தலையிடுவார். மரமேறும் சிறுமியிடம் "விழுந்துவிடுவாய்" என்று கத்தினால் அவளது கவனம் சிதறும். கிளை பட்டுப்போனதா, கீழே கல்லும் கண்ணாடியும் கிடக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்த்துவைப்பதே பணியாளரின் கடமை. ஆபத்தை மட்டும் கணக்கிடாமல், அச்செயலால் பிள்ளை பெறும் நன்மையையும் உடன் வைத்து நிறுக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. எப்பொழுது தலையிடுவது என்பதை நூலில் படித்து அறிவது கடினம். ஒருவர் செய்த தவற்றை மற்றவரிடம் மறைக்காமல் சொன்னால்தான் அது கைவரும்.

எடுத்து அடுக்கவும் மாற்றவும் கூடிய பொருட்கள் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவுக்குப் பிள்ளைகளின் கற்பனை வளரும் என்று சைமன் நிக்கல்சன் 1971ஆம் ஆண்டில் எழுதினார். விலையுயர்ந்த ஊஞ்சலை விடக் கயிறும், பெட்டியும், மணலும், பழந்துணியும் மேலானவையாகலாம். நம் தோட்டங்களில் கித்தாக் கொட்டைகளை வைத்து எத்தனை ஆட்டங்கள் ஆடப்பட்டன என்பதை மூத்தோர் அறிவர்.

ஆயினும் தோட்டத்தில் கிடக்கும் எல்லாப் பொருளும் விளையாட்டுக்கு உரியதன்று. களைக்கொல்லி மருந்து இருந்த டின்னையோ, பாலை உறைய வைக்கும் அமிலம் இருந்த புட்டியையோ, கழுவிய பின்னரும் பிள்ளைகளிடம் கொடுத்தல் ஆகாது. உளிக்கத்தியை எட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும். பழைய டயர் மிக நல்ல விளையாட்டுப் பொருள். ஆனால், அதில் மழை நீர் தேங்கினால் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகும். அடிப்புறத்தில் பல துளைகள் இட்ட பின்னரே அதனைத் திடலில் போட வேண்டும். ஓரத்தில் கிடக்கும் உடைந்த பால் மங்குகளுக்கும் இக்கவனம் தேவை.

விளையாடும் உரிமையைக் கூறுவது 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு. மலேசியா 1995ஆம் ஆண்டில் இதில் இணைந்தது.

தோட்டத்தில் இப்பணியைத் தொடங்கப் பெரும் பொருள் தேவையில்லை. ஆயாக் கொட்டகையை அடுத்த நிழலான இடமும், மாறி மாறி இருக்க இசையும் மூன்று நான்கு பேரும் போதும். வேலைக்குச் செல்லாத பாட்டிமாரும், படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞரும் இதற்கு ஏற்றவர்கள். யார் வந்தார், யார் எப்பொழுது அழைத்துச் சென்றார் என்பதை ஒரு பேரேட்டில் எழுத வேண்டும். வேறொரு குறிப்பேட்டில், அன்று பிள்ளைகள் எதனை நெடுநேரம் ஆடினர், எப்பொழுது சலிப்படைந்தனர், எங்கே காயம் பட்டது, நாம் எங்கே தேவையின்றிக் குறுக்கிட்டோம் என்று நான்கு வரி எழுதினால் போதும். எழுதத் தெரியாத பாட்டி சொல்ல, பேத்தி எழுதலாம். பக்கத்துத் தோட்டங்களில் இப்பணியைச் செய்வோர் மாதம் ஒருமுறை, சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறன்று கூடலாம். ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டலாம். முதல் கூட்டத்திற்குக் காயம் பட்ட பக்கத்தையே கொண்டுவரச் சொல்வது நல்லது. ஒரே மரத்தடியில், ஒரே வாய்க்காலில், இரண்டு தோட்டத்துப் பிள்ளைகள் விழுந்திருப்பது அப்பொழுது தெரியவரலாம்.