செகாவின் ‘மூன்று சகோதரிகள்’: கூறியது கூறலும் தனிமையும்

நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றாகக் ‘கூறியது கூறல்’ என்பதை நன்னூல் சுட்டும். நாடகத்திலோ பாத்திரத்தின் அக்குற்றமே ஆசிரியனின் உத்தியாக அமைவதுண்டு. மாஸ்கோ கலை அரங்கில் 1901ஆம் ஆண்டு முதன்முதலாக மேடையேறிய அந்தோன் செகாவின் ‘மூன்று சகோதரிகள்’ என்னும் குடும்ப நாடகம் இதற்குத் தக்க சான்றாகும்.

ஓல்கா, மாஷா, இரீனா ஆகிய மூவரும் அவர்தம் சகோதரன் அந்திரேயும் மாஸ்கோவை நீங்கித் தொலைதூர நகரமொன்றில் குடியேறிப் பதினோராண்டுகள் கழிந்த நிலையில் நாடகம் தொடங்குகிறது. மாஸ்கோவுக்குத் திரும்பும் ஆசை மீண்டும் மீண்டும் பேசப்படுகிறது. இதனை ஏக்கத்தை வலியுறுத்தும் உத்தி என்று மட்டும் கொள்வது போதாது. யார் முன்னிலையில் அது பேசப்படுகிறது என்பதே நோக்கத்தக்கது. முதல் அங்கத்தில் அது உடன்பிறந்தார் பகிர்ந்துகொள்ளும் திட்டம். இரண்டாம் அங்கத்தின் இறுதியில், அனைவரும் அகன்றபின் இரீனா தனித்து நின்று அதையே சொல்கிறாள். மூன்றாம் அங்கத்தில், ஊரில் தீப்பற்றிய இரவில், சகோதரிகள் ஆளுக்கொரு மறைப்புக்குப் பின்னிருக்க, இரீனா ஓல்காவிடம் மன்றாடுகிறாள். மறுமொழி வருமுன் திரை விழுகிறது. சொல் மாறவில்லை, அதை ஏற்கும் செவிதான் இல்லாமற் போகிறது.

மாஷாவின் கணவன் குலீகின் பள்ளியாசிரியன் (நம்மனோர்க்குச் சற்றே உறுத்தும் பாத்திரம்!). தன் மனநிறைவை அவன் மும்முறை அடுக்கிச் சொல்ல, அவள் தன் சலிப்பை மும்முறை அடுக்கித் திருப்புகிறாள். உவகையிலும் வெகுளியிலும் சொல் அடுக்கி வருதல் நம் இலக்கணமும் அறிந்ததே. எனினும் இங்கு ஒருவர் அடுக்கு மற்றவர் அடுக்கைத் தொடுவதேயில்லை. அவன் காதலைக் கூறும்போது அவள் இலத்தீன் வினைத்திரிபு வாய்பாட்டைச் சினத்தோடு ஒப்பிக்கிறாள். அவனோ சிரித்து மெச்சுகிறான்.

அந்திரேயின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. தன் மனக்குறையை அவன் காது மந்தமான முதிய ஏவலன் ஃபெரபோந்திடம் கொட்டுகிறான். செவி நன்கு கேட்குமாயின் உன்னிடம் பேசியிருக்கமாட்டேன் என்னும் பொருள்பட அவனே உரைக்கவும் செய்கிறான். ஃபெரபோந்து கேள்விப்பட்ட மாஸ்கோவோ, வணிகனொருவன் அளவின்றி அப்பம் தின்று மாண்ட ஊர். குடும்பமே ஏங்கும் பெயர் இவ்வாறு வேடிக்கைக் கதையாய்த் திரும்பி வருகிறது.

நான்காம் அங்கத்தில், காதலன் வெர்ஷினின் படையுடன் பிரிந்தபின், முதல் அங்கத்தில் தான் முணுமுணுத்த புஷ்கினின் அடிகளையே மாஷா மீண்டும் சொல்ல முயல்கிறாள். சொற்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்புகின்றன. தேற்ற வந்த குலீகின், மாணவனிடம் பறித்த பொய்த்தாடியை ஒட்டிக்கொண்டு, தன் பள்ளியின் ஜெர்மன் ஆசிரியரைப் போலிருப்பதாகக் கூறிச் சிரிக்க முயல்கிறான்.