மஞ்சள் பூசணி: கொடியிலேயே முற்றவிட்டால் மாதக்கணக்கில் கெடாது

சுரைக்காய் நபி (ஸல்) அவர்களுக்குப் பிடித்த காய் என்பது நம்மில் பலருக்கும் தெரியும். தையற்காரர் ஒருவர் விருந்துக்கு அழைத்தபோது, குழம்பில் இருந்த சுரைக்காய்த் துண்டுகளை நபியவர்கள் தட்டின் ஓரங்களிலிருந்து தேடி எடுத்துச் சாப்பிட்டதையும், அன்று முதல் தாமும் அதை விரும்பத் தொடங்கியதையும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியில் இடம்பெற்ற செய்தி இது. அதில் வரும் 'துப்பா' என்ற அரபுச் சொல்லுக்கு மஞ்சள் பூசணி என்று பொருள் சொல்லி, பூசணியைச் சுன்னத்தான உணவு என்று சிலர் பரப்புகிறார்கள். அது சரியல்ல. மஞ்சள் பூசணியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492-இல் கொலம்பஸ் அங்கே போன பிறகுதான் அது மற்ற நாடுகளுக்குப் பரவியது. நபியவர்கள் காலத்து மதீனாவில் அது இருந்திருக்க வழியில்லை. யூனுஸ் (அலை) அவர்களுக்கு நிழல் தந்த கொடியையும் நம் தமிழ் மொழிபெயர்ப்புகள் சுரைக்கொடி என்றே சொல்கின்றன.

இதனால் பூசணியின் மதிப்பு குறைந்துவிடாது. சுரைக்காயைப் பிஞ்சில் பறித்து, ஓரிரு நாளில் சமைத்துவிட வேண்டும். பூசணியோ ஒழுங்காக முற்றிய பின் பறித்தால், ஃபிரிட்ஜ் இல்லாமலே இரண்டு மூன்று மாதம் வீட்டில் கிடக்கும். மற்ற காய்கள் விலையேறும் நாட்களில் கை கொடுப்பது இதுதான். ஆனால் வீட்டில் விளைவிப்பவர்கள் பலருக்கு அது பதினைந்து நாளில் அழுகிப்போகிறது. காரணம் பெரும்பாலும் பறித்த நேரமும் பறித்த விதமும்தான்.

சில ஊர்களில் இதைப் பரங்கிக்காய் என்பார்கள், கொங்குப் பகுதியில் அரசாணிக்காய். விதைக்க ஆடிப்பட்டம், மார்கழி-தை என்று இரண்டு பருவம் உண்டு. சேமித்து வைப்பதுதான் நோக்கம் என்றால் மார்கழி-தையில் போடுவதே நல்லது. காய் சித்திரை வெயிலில் முற்றும், ஈரமில்லாத காற்றில் தோல் நன்றாக இறுகும். ஆடியில் போட்டது ஐப்பசி மழையில் வந்து நிற்கும். அந்தக் காயை வைத்துப் பார்க்காமல் அக்கம்பக்கம் பங்கிட்டு, சீக்கிரம் சமைத்துவிடுங்கள்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகக் காய் ஏழெட்டு கிலோ வரை வரும். சிறு குடும்பத்துக்கு அது அதிகம். கோ 2 ஒன்றரை முதல் இரண்டு கிலோ. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சூர்யமுகி ஒரு கிலோ அளவில் தட்டையாகக் காய்க்கும், பழ ஈயையும் ஓரளவு தாங்கும். என்னைக் கேட்டால் வீட்டுக்குச் சிறிய ரகம்தான் ஏற்றது. ஒரு காயை வெட்டினால் ஒரே சமையலில் தீர்ந்துவிட வேண்டும்.

ஒன்றரை அடி ஆழக் குழியில் மட்கிய எருவும் மண்ணும் கலந்து நிரப்பி, நான்கைந்து விதை ஊன்றுங்கள். பதினைந்து நாள் கழித்து நல்ல கன்று இரண்டை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடலாம். குழிக்குக் குழி ஆறேழு அடி வேண்டும். மாடியில் வளர்ப்பவர்கள் பெரிய பையில் ஒரு கொடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கொடி பத்துப் பதினைந்து அடி ஓடும் என்பதை மறக்க வேண்டாம்.

"பூ நிறைய வருகிறது, காய் நிற்கவில்லை" என்பது எல்லோரும் சொல்லும் குறை. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, அதில் காய் பிடிக்காது. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்று உருண்டையாகத் தெரியும். பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் மூடிவிடும். தேனீ வராத தெருக்களில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து, புதிதாக விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். எட்டு மணிக்குள் முடித்துவிட்டால் நல்லது.

பிஞ்சு பிடித்ததும் பழ ஈ வரும். குத்திய இடத்தில் முட்டையிட்டு, உள்ளே புழு வைத்து அழுகிவிடும். பிஞ்சைக் காகிதப் பையால் மூடுவது எளிய வழி. பொறி வாங்குவதானால் கியூலூர் பொறி கேளுங்கள். மாமரத்துக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் பொறிக்குப் பூசணி ஈ வராது. இலையில் வெள்ளைப் பூச்சு வந்தால் சிலர் கந்தகத் தூளை அள்ளித் தூவுகிறார்கள். பூசணிக் குடும்பத்துக் கொடிகள் அதில் கருகிவிடும்.

இனி பறிப்பது. காய் நிறம் மாறியதும் கத்தியைத் தூக்க வேண்டாம். நகத்தால் அழுத்தினால் தோலில் இறங்கக் கூடாது. காம்பு பச்சை மாறிக் கட்டை போல் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு விரல் நீளக் காம்போடு கத்தியால் அறுத்து எடுங்கள். திருகிப் பிடுங்கினாலோ, காம்பைப் பிடித்துத் தூக்கும்போது அது ஒடிந்தாலோ, அந்தப் பள்ளம் வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும். காம்பு ஒடிந்ததை, கீறல் விழுந்ததை முதலில் சமையுங்கள்.

பறித்த காயைக் கழுவாமல், நிழலில் காற்றோட்டமான இடத்தில் பத்து நாள் விட்டால் தோல் இறுகிச் சிறு கீறல்கள் ஆறும். அதன் பிறகு மரப்பலகையிலோ வைக்கோல் மேலோ ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள், அல்லது உறியில் தொங்கவிடுங்கள். வெறும் சிமெண்ட் தரை வேண்டாம், ஈரம் ஏறும். பழுக்கும் வாழைத்தாருக்குப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் கெடும். முழுக்காயை ஃபிரிட்ஜில் வைப்பதும் தவறு, பத்து டிகிரிக்குக் கீழான குளிர் அதற்கு ஆகாது. வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்து, மெத்தென்று ஆனதை எடுத்துவிடுங்கள்.

வெட்டிய காய் வேறு கணக்கு. விதையையும் நாரையும் வழித்தெடுத்து மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். வேகவைத்து மசித்து, ஒரு வேளைக்கான அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். தால்சாவுக்கும் அல்வாவுக்கும் அப்படியே எடுத்துப் போடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக, வெந்த பூசணியை மசித்துப் பாட்டிலில் அடைத்து, மேலே எண்ணெய் ஊற்றி வெளியே வைக்காதீர்கள். காற்றில்லாத, புளிப்பு குறைந்த உணவில் போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரும். மணமோ நிறமோ மாறாமலே அது உள்ளே இருக்கலாம். வீட்டுக் குக்கரில் பாட்டிலை வேகவைப்பது அதற்குப் போதாது. அனுப்பத்தான் வேண்டுமென்றால் வற்றல் போடுங்கள். மெல்லிய வில்லைகளாக நறுக்கி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, ஒடித்தால் முறியும் வரை வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கலாம்.

விதையைக் கழுவி உலர்த்தினால் வறுத்துத் தின்னவும் ஆகும், அடுத்த பட்டத்துக்கும் ஆகும். ஆனால் வெட்டியவுடன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயை எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, சமைத்தாலும் போகாது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும். சுரைக்காய்க்கும் இதே விதிதான். உணவை வீணாக்கக் கூடாது என்று வெல்லம் போட்டு மறைத்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. நஞ்சை எறிவது இஸ்ராஃப் ஆகாது. கசந்த காயின் விதையையும் அதோடு சேர்த்தே எறிந்துவிடுங்கள்.