ஒரு கணினி, இரு திரைகள்

ஒரே மேசைக் கணினியுடன் இரண்டோ அதற்கு மேற்பட்டோ மானிட்டர்களை இணைத்து, அவற்றை ஒரே பரந்த பணிப்பரப்பாகப் பயன்படுத்துவது பல்திரை அமைப்பு எனப்படும். மூல நூலை ஒரு திரையிலும் மொழிபெயர்ப்பை மறு திரையிலும் விரித்து வைத்துப் பணிபுரிபவர், கையெழுத்துப் படியோடு அச்சுப் படியை ஒப்பிடும் மெய்ப்புத் திருத்துநர், ரசீதுகளைப் பார்த்துக் கணக்கில் பதிவு செய்யும் கணக்கர் ஆகியோருக்குச் சாளரங்களை மாற்றி மாற்றித் திறக்கும் அலைச்சலை இது பெரிதும் குறைக்கிறது. எனினும் இரண்டாம் திரையை வாங்கிய பின் படம் வரவில்லை, எழுத்து மங்கலாகத் தெரிகிறது, கழுத்து வலிக்கிறது என்ற முறையீடுகள் எழுவதுண்டு. திரை பழுதின்றி இருந்தும் இவை எழுமானால், கேபிள் செருகப்படும் இடம், படப்புள்ளிகளின் அளவு, திரை நிற்கும் நிலை ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

இவ்வசதி புதியதன்று. 1987இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கின்டாஷ் 2 கணினியிலேயே பல திரைகளை ஒரே பரப்பாக இணைக்க முடிந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 98 வழியாக இதனைப் பொதுப் பயனர்களுக்கு வழங்கியது. ஆயினும் அந்நாளில் பெரும்பாலும் திரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிராபிக்ஸ் கார்டு தேவைப்பட்டது. 1999இல் மேட்ராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஜி400 போன்ற, ஒரே கார்டிலிருந்து இரு திரைகளை இயக்கும் கிராபிக்ஸ் கார்டுகள் பரவிய பிறகே இம்முறை எளிதாயிற்று.

முதலில் கவனிக்க வேண்டியது கணினிப் பெட்டியின் பின்புறம். நிமிர்ந்து நிற்கும் பெட்டியில் யுஎஸ்பி துளைகளுக்கு அருகே மேற்பகுதியில் இருக்கும் திரை இணைப்புகள் மதர்போர்டைச் சேர்ந்தவை; அவற்றுக்குக் கீழே, கிடைமட்டமான உலோகப் பட்டையில் வரிசையாக அமைந்தவை கிராபிக்ஸ் கார்டைச் சேர்ந்தவை. தனிக் கார்டு பொருத்திய கணினிகள் பலவற்றில் மதர்போர்டின் இணைப்புகள் தாமாகவே செயலற்றுவிடுவதால், ஒரு கேபிளைக் கார்டிலும் மற்றொன்றை மதர்போர்டிலும் செருகினால் ஒரு திரை மட்டுமே ஒளிரும். ஆகவே எல்லாத் திரைகளையும் கார்டிலேயே இணைப்பதுதான் முறை. அதில் இடம் போதாதபோது, கணினி இயங்கத் தொடங்குமுன் திறக்கும் பயாஸ் அமைப்பில் மதர்போர்டின் இணைப்பை உயிர்ப்பிக்கப் பல கணினிகள் இடமளிக்கின்றன. ஆனால் பெயரின் இறுதியில் 'எஃப்' எழுத்து கொண்ட இன்டெல் செயலிகளில் உள்ளமைந்த கிராபிக்ஸ் பகுதி இல்லையாதலால், அவ்வழியும் அங்குப் பயன்படாது.

அடுத்தது கேபிள். 1987இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய, பதினைந்து ஊசிகள் கொண்ட விஜிஏ, படத்தை மின்னழுத்த ஏற்ற இறக்கமாக அனுப்பும் அனலாக் வகையைச் சேர்ந்தது. 2002இல் வந்த எச்டிஎம்ஐ, 2006இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் ஆகியவை படத்தை எண்களாக அனுப்பும் டிஜிட்டல் வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு இடையில் பயன்படும் கன்வெர்ட்டர்களுக்குத் திசை உண்டு என்பது பலரும் கவனிக்கத் தவறும் செய்தியாகும். கணினியின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ திரைக்குச் செல்லப் பெரும்பாலும் விலை மலிவான சிறு கன்வெர்ட்டரே போதும். கணினியின் எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் மட்டுமே உள்ள திரைக்குச் செல்லவோ, உள்ளே சிப் அமைந்து குறிகையை மாற்றித் தரும் வேறு வகை தேவை. 4கே திரையை எச்டிஎம்ஐ 1.4 வழியே இணைத்தால் படம் நொடிக்கு 30 முறை மட்டுமே புதுப்பிக்கப்படுவதால் சுட்டியின் அசைவு தடைபட்டுத் தெரியும், 2.0 பதிப்பில் அது 60 முறையாகிறது.

இனி, படப்புள்ளிகளின் அடர்த்தி. திரையின் ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் அடங்குகின்றன என்பதே அடர்த்தி. 1920×1080 புள்ளிகள் கொண்ட 24 அங்குலத் திரையில் இது ஏறத்தாழ 92. 27 அங்குல 4கே திரையில் ஏறத்தாழ 163. பெருக்கம் ஏதும் செய்யாதபோது, 1000 புள்ளி அகலமுள்ள ஒரு சாளரம் முன்னதில் ஏறத்தாழ 27.5 செ.மீ. அகலமாகவும் பின்னதில் 15.5 செ.மீ. அகலமாகவும் தோன்றும். விண்டோஸில் திரைதோறும் தனித்தனி உருப்பெருக்க விகிதம் அமைக்க வழி உண்டாயினும், பழைய மென்பொருள்கள் சில ஒரு திரையிலிருந்து மறு திரைக்கு நகரும்போது மங்கிவிடும். அடர்த்தி நெருக்கமாக உள்ள திரைகளை இணைப்பதே இதற்குச் சிறந்த தீர்வு. 1280×1024 புள்ளிகள் கொண்ட பழைய 19 அங்குலத் திரையின் அடர்த்தி ஏறத்தாழ 86 ஆதலால், அது 24 அங்குலத் திரையோடு நன்கு ஒத்துப்போகும்.

இணைப்பு முடிந்ததும் விண்டோஸ் விசையுடன் 'பி' விசையை அழுத்தினால் நான்கு தேர்வுகள் தோன்றும். 'டூப்ளிகேட்' இரு திரைகளிலும் ஒரே படத்தைக் காட்டும். பணிப்பரப்பை விரிக்க வேண்டுவோர் தேர்ந்தெடுக்க வேண்டியது 'எக்ஸ்டெண்ட்'. பின்னர் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே என்ற பகுதிக்குச் சென்றால் 1, 2 என எண்ணிட்ட இரு கட்டங்கள் காணப்படும். இவற்றை இழுத்து, மேசையில் திரைகள் நிற்கும் வரிசையிலேயே வைக்க வேண்டும். இடப்புறம் நிற்கும் திரை இங்கே வலப்புறம் இருந்தால், சுட்டியை இடப்பக்கம் நகர்த்தும்போது அது ஓரத்தில் முட்டி நின்றுவிடும். கட்டங்களின் மேல் விளிம்புகளும் மேசையில் உள்ளபடியே ஏறியோ இறங்கியோ அமையுமானால், சுட்டி ஒரே மட்டத்தில் கடந்து செல்லும். விண்டோஸ், ஷிஃப்ட் விசைகளோடு அம்புக்குறி விசையை அழுத்தினால் சாளரம் மறு திரைக்குத் தாவும்.

இறுதியாக, உடல்நலம். நாளின் பெரும்பகுதி ஒரு திரையையே பார்ப்பவர் அதனை நேர் எதிரேயும், மற்றதை அதன் பக்கத்தில் சற்றே உட்புறம் திருப்பியும் வைக்க வேண்டும்; இரண்டையும் சமமாகப் பயன்படுத்துபவர் அவை சேரும் விளிம்பு மூக்குக்கு நேராக வருமாறு அமைத்துக்கொள்ள வேண்டும். திரைகள் ஒரு கை நீளத் தொலைவிலும், அவற்றின் மேல் விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ இருத்தல் நன்று. தாங்குகரம் வாங்குவோர், திரையின் பின்புறமுள்ள திருகுத் துளைகளின் இடைவெளி 75 மி.மீ.யா 100 மி.மீ.யா என்று பார்த்து வாங்க வேண்டும். இரு திரைகளின் ஒளியளவும் ஒன்றாக இல்லாவிட்டால் கண் விரைவில் சோர்ந்துவிடும்.

எனவே இரண்டாம் திரை வாங்க எண்ணுவோர் கடைக்குச் செல்லுமுன் கணினியின் பின்புற இணைப்புகளையும், ஏற்கெனவே உள்ள திரையின் அங்குல அளவையும் புள்ளி எண்ணிக்கையையும், மேசையின் அகலத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். விலையுயர்ந்த பொருந்தாத திரையைவிட, இக்குறிப்புகளோடு ஒத்துப்போகும் எளிய திரையே நெடுநாள் உழைப்புக்குத் துணைநிற்கும்.