வந்து தங்கும் கலைஞரும் தீவின் மக்களும்

ஓவியர், எழுத்தாளர் போன்றோர் ஒரு தீவுக்கு வந்து சிறிது காலம் தங்கி வேலை செய்கின்றனர்; பின்னர் திரும்பிவிடுகின்றனர். அவர்களுக்கு அமைதி கிடைக்கிறது. தீவு மக்களுக்குக் கிடைப்பது என்ன? கனடாவின் கிழக்கே, நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உள்ள ஃபோகோ தீவின் அனுபவம் இக்கேள்விக்கு விடை தருகிறது.

தலைமுறைகளாகக் கொட் மீன் பிடித்து வாழ்ந்த தீவு இது. 1960களில் தொழில் நலிந்தபோது, மக்களைப் பெயர்த்து வேறிடத்தில் குடியேற்றும் பேச்சு எழுந்தது. 1967இல் கனடாவின் தேசியத் திரைப்படச் சபையைச் சேர்ந்த கொலின் லோ அங்கு சென்று, மக்களே தமது பிரச்சினைகளைப் பேசும் 27 குறும்படங்களை எடுத்தார். அவை தீவின் ஊர்களில் திரையிடப்பட்டன. ஊராலும் மதப்பிரிவாலும் பிரிந்திருந்தோர் தமது கவலை ஒன்றே எனக் கண்டனர். கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தீவிலேயே நிலைத்தனர்.

1992இல் கொட் மீன்பிடியை அரசாங்கம் நிறுத்தியது. இளைஞர் பலர் வெளியேறினர். அத்தீவின் மீனவர் ஒருவரின் மகளான சீற்றா கொப், வெளியே தொழில்நுட்பத் துறையில் பொருளீட்டியபின் திரும்பி வந்து, தம் சகோதரருடன் சேர்ந்து ‘ஷோர்ஃபாஸ்ற்’ என்னும் அறநிறுவனத்தைத் தொடங்கினார். கலைஞரை அழைத்துத் தங்கவைப்பது அதன் பணிகளுள் ஒன்று.

கடற்பாறைகளிலும் குளக்கரையிலுமாக நான்கு சிறு மரக் கலைக்கூடங்கள், வெவ்வேறு ஊர்களுக்கு அருகே கட்டப்பட்டன. முதலாவது 2010இல் நிறைவுற்றது. இவை வேலை செய்வதற்கு மட்டுமே. உறங்குவதும் சமைப்பதும் ஊருக்குள் திருத்தியமைக்கப்பட்ட பழைய வீடுகளில். ஆகவே வருபவர் ஒதுங்கியிருக்க முடியாது, அயலவராகிவிடுகிறார்.

கொடுக்கல் வாங்கல் இருபக்கமும் நடக்கிறது. வெளியிலிருந்து வந்த வடிவமைப்பாளரும் தீவின் தச்சர்களும் சேர்ந்து, வள்ளம் கட்டும் நுட்பத்தைக் கொண்டே கதிரை செய்தனர். துண்டுத் துணிகளை இணைத்துப் பெண்கள் தைக்கும் போர்வைகள், 2013இல் திறக்கப்பட்ட 29 அறைகள் கொண்ட விடுதியின் கட்டில்களை அலங்கரிக்கின்றன. விடுதியின் மிகை வருமானம் தீவின் பணிகளுக்கே திரும்புகிறது. விருந்தினர் செலுத்தும் பணம் எதெதற்குச் செல்கிறது என்பதும் வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது.

இத்திட்டம் கடற்றொழிலுக்கு மாற்றீடு அன்று. நண்டும் இறாலும் பிடிப்போரும் அவர்களது கூட்டுறவுச் சங்கமும் இன்றும் தீவின் முதுகெலும்பு. கலை அதற்குத் துணைநிற்கிறது.

கலைஞரை வரவேற்க விரும்பும் எந்தச் சிற்றூரும் முதலில் மூன்றைக் கேட்க வேண்டும்:

1. அழைப்பவர் யார்? ஊரவரா, வெளியாரா?

2. வருபவர் எங்கே தங்குவார்? ஊருக்குள்ளா, வேலிக்கு அப்பாலா?

3. வரும் பணம் எங்கே தங்கும்?

இவற்றுக்குத் தெளிவான விடை இல்லையேல், கலைஞருக்கு ஊர் வெறும் காட்சிப்பொருளாகிவிடும். விடை இருந்தால், மக்கள் விருந்தோம்புவோராக நிமிர்ந்து நிற்பர்.